மூலிகையும் பிரமாணமும்

(இராயபுரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரிழிவு நோய்க்குரிய மூலிகைச் சாறுகளை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் முறையைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைப் பணித்திருக்கிறீர்கள். இவ்விஷயத்தைப் பேசுவதற்கு இராயபுரத்தைக் காட்டிலும் உரிமை படைத்த இடம் சென்னையில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1948-ஆம் ஆண்டில், இங்கே அருகிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், நீரிழிவுக்காரர்களுக்கென்றே ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவை டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கினார், நம் தேசத்தில் அத்தகைய பிரிவுகளில் அதுவே முதலாவது என்பர். 1954-இல் அவர் இராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை பிற்பாடு நீரிழிவுக்கே உரிய மருத்துவமனையாக மாறி, அதனோடு ஓர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், காசிமேட்டில் வலை இழுத்தவர்களும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் இரவு ஷிப்டு பார்த்தவர்களும் வந்து வரிசையில் நின்ற அதே தெருவின் பெயரை, உலகெங்கும் படிக்கப்படும் வைத்திய சஞ்சிகைகளின் பக்கங்களில் ஏற்றிவைத்தது. வியாதியின் கொடுமையையும் ஆராய்ச்சியின் அருமையையும் ஒருங்கே கண்ட ஊர் இது. ஆகவே, இங்கே கூடியிருப்போரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நீரிழிவின் பரப்பைக் குறித்து ஒரு வார்த்தை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் இந்நோய் உடையவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள். இவர்களுள் ஆங்கில மருந்தோடு கூட, அல்லது அதை விட்டுவிட்டு, ஏதாவதொரு இலையையோ பொடியையோ கஷாயத்தையோ உட்கொள்ளாதவர்களைக் காண்பது அரிது. பூங்கா நகர் இராசப்ப செட்டித் தெருவில் வரிசையாக இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளுள் எதில் வேண்டுமானாலும் ஏறி, "சர்க்கரைக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால், சிறுகுறிஞ்சான் பொடி, நாவற்கொட்டைப் பொடி, காய்ந்த ஆவாரம்பூ, வெந்தயம், கடலழிஞ்சில் பட்டை என்று காகிதப் பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நம் முன்னே வந்துவிடும். இவை பயன் தருமா, தராவா? இக்கேள்விக்கு விடை சொல்லத் தெரியாத விஞ்ஞானம் மக்களுக்கு உபயோகமில்லாத விஞ்ஞானம். இக்கேள்வியைக் கேட்கவே கூடாது என்று தடுக்கின்ற பாரம்பரியம் தன்னையே நம்பாத பாரம்பரியம்.

இன்றைக்கு நான் சொல்லவந்த கருத்து ஒன்றே ஒன்றுதான். நம் நாட்டில் மூலிகைகளைச் சோதிக்கும் வேலை நிரம்பத் தொடங்குகிறது; சிறிதே முடிகிறது. ஆயிரம் செடிகளை எலி வரைக்கும் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிடுவதைக் காட்டிலும், ஒரு செடியை மனிதன் வரைக்கும், நிர்ணயமான முடிவு வரைக்கும் கொண்டுசெல்வதே நம் கடமை.

செடியிலிருந்து மருந்து பிறப்பதில் வியப்பொன்றும் இல்லை. இந்த மண்டபத்திலேயே பலர் நாள்தோறும் விழுங்குகின்ற மெட்ஃபார்மின் மாத்திரையின் மூதாதை ஒரு பூண்டுதான். கலேகா என்று பெயர்கொண்ட, ஊதாப்பூப் பூக்கின்ற அவரை இனத்துச் செடியொன்றை ஐரோப்பிய நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்தனர். அதிலுள்ள குவானிடின் இனப் பொருள் இரத்தச் சர்க்கரையைத் தணிக்கும் என்பதும், அதே பொருள் மேய்கின்ற ஆட்டைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுடையது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. குவானிடின் இனப் பொருள்களை ரசாயனிகள் ஆராய்ந்த வரலாற்றில், 1922-இல் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்னும் இருவர் மெட்ஃபார்மினை ஆக்கினர். அது நீரிழிவுக்காரர்களுக்கு உகந்தது என்று 1957-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ழான் ஸ்டெர்ன் காட்டினார். இன்னொரு மருந்தின் கதையும் இத்தகையதே. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருள், சர்க்கரையைச் சிறுநீரின் வழியே வெளியேற்றும் தன்மையுடையது என்பதை 1886-இல் ஃபான் மேரிங் கண்டார்; அதன் வடிவத்தைத் திருத்தி அமைத்த டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்து ஐரோப்பாவில் 2012-இல்தான் அங்கீகாரம் பெற்றது. பட்டையிலிருந்து மாத்திரைக்கு வந்துசேர 177 ஆண்டுகள் ஆயின. மூலிகையை இகழ்வோர் இக்கதைகளின் முதற்பகுதியையும், மூலிகையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வோர் பிற்பகுதியையும் நினைவில் கொள்வது நலம்.

நம் நாட்டுச் செடிகளுள் இவ்வாராய்ச்சிக்கு முதலிடம் பெற்றது சிறுகுறிஞ்சான். அதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயிலிட்டுப் பாருங்கள். மணலை மெல்வதுபோல் இருக்குமேயன்றி இனிப்புச் சிறிதும் தெரியாது. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அதற்கு வாய்த்தது இதனால்தான். சென்னை அரசாங்கத்தின் சிங்கோனா ரசாயனியாக உதகமண்டலத்தில் இருந்த டேவிட் ஹூப்பர் அவ்விலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் அமிலப் பொருளைக் குறித்து 1887-இல் எழுதினார். ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாவில் இனிப்பு மறைவது வேறு, இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. நாவிலுள்ள இனிப்பு உணரிகளை அவ்விலையின் சத்து சிறிது நேரம் மறித்துவைக்கிறது, அவ்வளவே. அதனால் இரத்தத்தில் யாதாயினும் மாறுதல் நிகழ்கிறதா என்பது, தனியாக வினவித் தனியாக விடை காண வேண்டிய கேள்வி. கண்ணுக்குத் தெரிகின்ற ஒரு குணத்தைக் கொண்டு காணாத குணத்தை அனுமானிப்பது மனித சுபாவம். அந்த அனுமானத்தைப் பரீட்சித்துப் பார்க்கவே ஆய்வுக்கூடம் இருக்கிறது.

இனி, அப்பரீட்சை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதற்படி, செடி இன்னதென்று நிச்சயித்தல். இது அற்பமான வேலை என்று எண்ணிவிடலாகாது. 2021-இல் மும்பையில், சீந்தில் உட்கொண்ட சிலருக்கு ஈரல் பழுதுபட்டதாக மருத்துவர்கள் எழுதியபோது, அவர்கள் உட்கொண்டது உண்மையான சீந்திலா, அதைப் போலவே தோன்றும் அதன் இனத்துக் கொடியா என்ற விவாதம் எழுந்தது. உட்கொண்ட சரக்கைச் சோதித்து வைத்திருந்தால் அவ்விவாதத்துக்கே இடம் இருந்திராது. ஆகவே, எந்தச் செடியை ஆராய்கிறோமோ அதன் பூவும் இலையும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியல் அறிஞரிடம் காட்டி, எண்ணிட்டுப் பாதுகாத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி, அச்செடி எந்த மண்ணில் வளர்ந்தது என்று கேட்டல். இக்கேள்வி வடசென்னைக்காரர்களாகிய நம்மை நேரே பார்த்துக் கேட்கப்படுவது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் மணலி வெளியிலும் தானே முளைத்து நிற்கும் ஆவாரையையும் கோவைக்கொடியையும் பறித்து உலர்த்தி விற்போர் உண்டு. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்ததை நாம் அறிவோம். 2023 டிசம்பர் மாதத்தில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து எண்ணூர் மீனவர்களின் படகையும் வலையையும் கருக்கியதையும் கண்ணாரக் கண்டோம். செடி தான் நிற்கும் மண்ணில் உள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் எது, இரும்புச்சத்து எது என்று நமக்காக அது பகுத்துத் தருவதில்லை. மூலிகைச் சரக்கில் பத்து லட்சம் பங்குக்கு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்ற அளவுகளுக்கு மேல் இருக்கலாகாது என்று நம் தேசத்து மருந்து நூல் விதித்திருக்கிறது. சிறுநீரகம் முன்னமே நலிந்திருக்கும் நீரிழிவுக்காரர் ஒருவர், சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலோகத்தை மருந்தென்று நம்பி ஆண்டுக்கணக்கில் உண்பதைவிடப் பரிதாபமான காரியம் உண்டோ? ஆகையால், குணத்தைச் சோதிப்பதற்கு முன்னே குற்றத்தைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாம் படி, சாறு எடுத்தல். நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, நீரிலோ சாராயத்திலோ இரண்டின் கலவையிலோ ஊறவைத்து வடித்து, குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி வற்றவைத்தால், பாத்திரத்தின் அடியில் கரும்பசைபோல ஒரு பொருள் தங்கும். ஆய்வுக்கூடத்தார் சாறு என்பது இதைத்தான். ஒரே செடியாயினும், நீரில் எடுத்த சாறும் சாராயத்தில் எடுத்த சாறும் ஒரே பொருளல்ல. கோடையில் பறித்ததற்கும் மழைக்காலத்தில் பறித்ததற்கும்கூட வேற்றுமை உண்டு. ஆகவே, சாற்றில் உள்ள பொருள்களைத் தகட்டில் பிரித்து, வரிவரியாகத் தெரியும் அந்தப் படத்தை அச்சாற்றின் கைரேகையாக எடுத்துவைக்கிறார்கள். அடுத்த முறை எடுக்கும் சாறும் இதே ரேகையைக் காட்டினாலன்றி, முந்தைய சோதனையின் பலன் அதற்குச் செல்லாது.

நான்காம் படி, நொதிச் சோதனை. இன்றைய மாணவர்கள் மிகுதியாகச் செய்வது இதுவேயாதலால் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும், மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்னும் நொதியில் சில துளிகளை விட்டு, அதனோடு சோதிக்க வேண்டிய சாற்றையும் கலந்து, பிறகு நிறமற்ற ஒரு செயற்கைச் சர்க்கரைக் கூட்டுப்பொருளையும் சேர்த்து, 37 பாகை வெப்பத்தில் வைப்பார்கள். நொதி தன் வேலையைச் செய்தால் குழியிலுள்ள நீர் மஞ்சளாகும். சாறு நொதியைத் தடுத்தால் மஞ்சள் மங்கும். எவ்வளவு மங்கிற்று என்பதைக் கருவி அளந்து சொல்லிவிடும். காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடிவு கிடைக்கும், செலவும் சொற்பம். எனவே, எந்த இலையை எடுத்தாலும் "நீரிழிவை எதிர்க்கும் தன்மையுடையது" என்று எழுதிவிடக்கூடிய சௌகரியம் இதில் இருக்கிறது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஆவாரம்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகச் சென்ற பதனிட்ட தோலெல்லாம் பெரும்பாலும் இந்தப் பட்டையின் துவர்ப்பில் ஊறியவையே. துவர்ப்புப் பொருளாகிய டானின், தோலிலுள்ள புரதத்தைப் பற்றி இறுக்குவதால்தான் தோல் அழுகாமல் பதமாகிறது. நொதியும் ஒரு புரதமே. ஆகவே துவர்ப்பு மிகுந்த எந்தச் சாற்றை விட்டாலும் அது நொதியைப் பற்றி முடக்கிவிடும், மஞ்சள் மங்கிவிடும். அது நீரிழிவுக்கான விசேஷ குணமா, தோல் பதனிடும் பொதுக் குணமா என்று தட்டில் உள்ள நீர் நமக்குச் சொல்லாது. டானினை நீக்கிவிட்டு மறுபடியும் சோதிப்பவனுக்கே அது தெரியவரும். தவிரவும், இச்சோதனைகளில் பயன்படும் நொதி பெரும்பாலும் ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது; மனிதக் குடலின் நொதியோ வேறு இயல்புடையது. இவ்வளவையும் நான் சொல்வது இச்சோதனையை அலட்சியப்படுத்துவதற்காக அன்று. எச்செடியை மேற்கொண்டு ஆராய்வது என்று தேர்ந்தெடுப்பதற்கு இது மிகவும் உதவும். ஆனால் நோயாளிக்குச் சொல்லத்தக்க செய்தி ஒன்றும் இதில் இல்லை.

ஐந்தாம் படி, பிராணிகளில் சோதித்தல். வெள்ளெலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற பொருளை ஊசி மூலம் ஏற்றினால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்கள் அழிந்து, எலி நீரிழிவுடையதாகும். சாறு கொடுத்த தொகுதி, ஒன்றும் கொடாத தொகுதி, கிளிபென்கிளமைடு என்ற தெரிந்த மருந்தைக் கொடுத்த தொகுதி, நோயே இல்லாத தொகுதி என்று தொகுதிக்கு ஆறு எலிகளாகப் பிரித்து, மூன்று நான்கு வாரங்கள் கவனிப்பது வழக்கம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலாளர்கள் ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை இவ்வாறு 30 நாட்கள் எலிகளுக்குக் கொடுத்து, ஒரு கிலோ எடைக்கு 0.45 கிராம் என்ற அளவில் அது சர்க்கரையை நன்கு தணித்ததாக 2002-இல் வெளியிட்டனர். பாராட்டத்தக்க வேலை. ஆயினும் அவ்வளவு மனிதனுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். எலியின் அளவை மனித அளவுக்கு மாற்றுகையில் 6.2 ஆல் வகுப்பது மரபு. அவ்வாறு வகுத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய நாலேகால் கிராம் வற்றிய சாறு வேண்டும். பத்துப் பங்கு பூவில் ஒரு பங்கு சாறு தேறும் என்று வைத்துக்கொண்டாலும், அது 40 கிராமுக்கு மேற்பட்ட உலர்ந்த பூவுக்குச் சமம். ஒரு சிட்டிகை ஆவாரம்பூவை வெந்நீரில் போட்டு அருந்திவிட்டு, ஆராய்ச்சியில் நிரூபித்த மருந்தை உட்கொண்டதாக நினைப்பது எவ்வளவு தவறு என்பது இந்தச் சிறு கணக்கிலேயே விளங்கும்.

இன்னொன்று. பீட்டா அணுக்களை நஞ்சிட்டு அழித்த எலியின் நோய் வேறு. பரம்பரையாலும் உடற்பருமனாலும் இன்சுலின் இருந்தும் பயன்படாமையாலும், பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வளர்ந்து, நாற்பது வயதில் தலைகாட்டும் நம்மவர் நோய் வேறு. எலியில் பலித்தது மனிதனில் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆகவே மனிதனைக் கேட்டுத்தான் தீர வேண்டும்.

அந்த ஆறாம் படியில் கால்வைத்தவர்கள் நம் சென்னையிலேயே இருந்தார்கள் என்பது பெருமைக்குரிய செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, தரமணியிலிருக்கும் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில், பேராசிரியர் இ. ஆர். பி. சண்முகசுந்தரமும் அவருடைய குழுவினரும் சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளில் சோதித்ததோடு நில்லாமல், நோயாளிகளுக்கும் கொடுத்து ஆராய்ந்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாத்திரையால் நோயைக் கட்டுப்படுத்திவந்த 22 பேருக்கு, அம்மாத்திரையோடு நாள் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் சாறு 18 முதல் 20 மாதங்கள் கொடுக்கப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் கிளைக்கேற்றிய ஹீமோகுளோபினும் குறைந்தது. ஐந்து பேர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் கொண்டே சமாளித்தனர். இன்சுலின் ஊசியை நம்பி வாழ்ந்த 27 பேருக்கு, ஊசியோடு சேர்த்துச் சாறு கொடுத்ததில் இன்சுலினின் அளவைக் குறைக்க முடிந்தது. எலிகளின் கணையத்தில் அணுக்கள் மறுபடியும் வளர்ந்திருக்கலாம் என்ற குறிப்பும் அவ்வாராய்ச்சியில் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் சிறுகுறிஞ்சானைப் பற்றி எழுதினாலும், இன்றைக்கும் முதலில் எடுத்துச் சொல்வது இந்தச் சென்னை ஆராய்ச்சியைத்தான்.

அது ஏன் முடிந்த தீர்ப்பாகவில்லை? காரணம் இதுவே: அவ்வாராய்ச்சியில் சாறு பெறுபவர் யார், பெறாதவர் யார் என்பது சீட்டுக் குலுக்கி நிர்ணயிக்கப்படவில்லை, சாறு போலவே தோற்றமும் சுவையும் கொண்ட வெற்றுப்பொருளை ஒரு தொகுதிக்குக் கொடுத்து ஒப்பிடவும் இல்லை. இது வெறும் சம்பிரதாயம் என்று சிலர் நினைக்கக்கூடும். அது சம்பிரதாயம் அன்று என்பதை இராயபுரமே நமக்குக் கற்பித்திருக்கிறது.

இராயபுரம் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியை நினைவுகூருகிறேன். நீரிழிவின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த 531 பேரை, சீட்டுப் போட்டதுபோல் நான்கு தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு தொகுதிக்கு வழக்கமான அறிவுரை மட்டும், ஒன்றுக்கு நடைப்பயிற்சியும் உணவுத் திருத்தமும், ஒன்றுக்குச் சிறிய அளவில் மெட்ஃபார்மின், ஒன்றுக்கு இரண்டும். மூன்று ஆண்டுக் கணக்கில், வழக்கமான அறிவுரை பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு உள்ளாயினர். மற்ற மூன்று தொகுதிகளிலும் நூற்றுக்கு 39 முதல் 41 பேர் வரை உள்ளாயினர். நடையும் உணவும் மாத்திரைக்குக் குறைந்தவையல்ல என்ற உண்மை நம் நாட்டு உடம்பிலேயே நிலைநாட்டப்பட்டது.

இப்போது முதல் தொகுதியை மறுபடியும் பாருங்கள். விசேஷமாக ஒன்றும் பெறாத அவர்களுள்ளும் நூற்றுக்கு 45 பேருக்கு அக்காலத்தில் நீரிழிவு வரவில்லை. அவர்கள் கையில் யாரோ ஒருவர் ஒரு பொடியைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "என் பொடியைத் தின்ற நூறு பேரில் நாற்பத்தைந்து பேருக்குச் சர்க்கரையே வரவில்லை" என்று அவர் ஊரெங்கும் சொல்லியிருப்பார். அந்த நாற்பத்தைந்து பேரும் மனமார அதற்குச் சாட்சி கூறியிருப்பார்கள். பொய் சொல்பவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஆயினும் சொன்னது உண்மையாகாது. ஒப்பீட்டுத் தொகுதியின் அருமை இதுதான். சாட்சிகள் எத்தனை பேராயினும், ஒப்பீடு இல்லாத சாட்சியம் பிரமாணம் ஆகாது.

நாட்டு மருந்தை இம்முறையில் சோதிக்க இயலாது என்று சொல்வோரும் உளர். இயலும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. வேங்கை மரத்துக் குவளையில் இரவு நீர் ஊற்றிவைத்து விடியலில் அருந்தும் வழக்கம் நம் நாட்டில் பழையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வேங்கையின் சாற்றைப் பல மருத்துவ நிலையங்களில், புதிதாக நோய் கண்ட 97 பேரிடம் சோதித்து, பன்னிரண்டு வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததென்று 1998-இல் வெளியிட்டது. அத்தோடு நிற்காமல், டால்புடமைடு என்ற மாத்திரையோடு அதைப் பொருத்திப் பார்த்து, வைத்தியருக்கும் நோயாளிக்கும் இன்னது கொடுக்கப்பட்டதென்று தெரியாதபடி அடுத்த சோதனையையும் நடத்தியது. இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்று வழங்குவது கடலழிஞ்சில் இனத்தைச் சேர்ந்த கொடி. அது சேர்ந்த தேயிலை போன்ற பானத்தையும், அது சேராத அதே போன்ற பானத்தையும் 51 நோயாளிகளுக்கு மாற்றி மாற்றி மும்மூன்று மாதங்கள் கொடுத்து, மூலிகை சேர்ந்த காலத்தில் மூன்று மாதச் சராசரி சிறிதளவே ஆயினும் கணக்கில் நிற்கும்படி குறைந்ததை இலங்கை மருத்துவர்கள் 2005-இல் காட்டினர். ஐம்பத்தொருவரை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. பெரும் பணமும் பெரும் மாளிகையும் இல்லாமலே நேர்மையான கேள்வியை நேர்மையாகக் கேட்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

சித்த வைத்தியப் பெரியோர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு, அது நியாயமானது. "நாங்கள் கொடுப்பது ஆவாரைக் குடிநீர். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருது என்று ஏழு சரக்கும் சேர்ந்து, நீரில் வற்றக் காய்ச்சியது அது. நீங்களோ ஒரு சரக்கை மட்டும் பிரித்து, நாங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத திராவகத்தில் ஊறவைத்து, அது பலிக்கவில்லை என்று எங்கள் சாஸ்திரத்தைக் குறைகூறுகிறீர்கள்" என்பது அவர்கள் வாதம். இதற்கு விடை, சோதனையைக் கைவிடுவதன்று. குடிநீரைக் குடிநீராகவே சோதிப்பது. வைத்தியர் காய்ச்சுகின்ற முறையிலேயே காய்ச்சி, அவர் கொடுக்கும் அளவிலேயே, அவர் தகுந்ததென்று கருதும் நோயாளிக்கே கொடுத்து, ஒப்பீட்டுத் தொகுதியோடு பார்க்கட்டும். அரும்பாக்கத்திலும் தாம்பரம் சானடோரியத்திலும் இதற்கென்றே மத்திய அரசின் சித்த மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன. பதார்த்த குண நூல்களை எழுதிய நம் முன்னோர்கள், கண்டதை எழுதினார்கள். இன்று நாம் இன்னும் நுண்மையாகக் காண முடியுமானால், அது அவர்கள் வழியில் மேலே ஓரடி எடுத்துவைப்பதேயாகும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திரப் பரிகார ஆட்சேப விளம்பரச் சட்டம் தடுக்கிறது. இருந்தும், "பதினைந்தே நாளில் இன்சுலினுக்கு விடுதலை" என்ற வாசகங்களை நாம் காணாத நாளில்லை. 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாண அரசு, மூலிகை என்று விற்ற சில நீரிழிவு மருந்துகளைச் சோதித்தபோது, அவற்றில் கிளிபென்கிளமைடும், அபாயம் கருதிப் பல நாடுகள் விலக்கிவிட்ட ஃபென்ஃபார்மினும் ரகசியமாகக் கலந்திருந்தமை வெளிப்பட்டது. பொடி தின்ற மறுநாளே சர்க்கரை மளமளவென்று இறங்கினால், மகிழ்வதற்கு முன்னே சந்தேகிக்க வேண்டும். 2015-இல் நம் அரசு வகுத்த விதியின்படி, மூலிகைச் சாற்றை நவீன மருந்தாகப் பதிவு செய்ய விரும்புவோர், அதிலுள்ள குறைந்தது நான்கு பொருள்களையேனும் அளந்து காட்டி, மனிதச் சோதனையும் நடத்த வேண்டும். வழி திறந்திருக்கிறது, நடப்பவர்கள் வேண்டும்.

முடிவாக, மூன்று சாராருக்கு மூன்று விண்ணப்பங்கள்.

நோயுற்றவர்களே, இன்சுலினையும் மாத்திரையையும் உங்கள் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். சிறு வயதிலேயே இன்சுலின் சுரப்பு அற்றுப்போனவருக்கு ஊசியை நிறுத்துவது சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியும். மூலிகை ஏதேனும் உட்கொண்டால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையும் மூலிகையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி, நினைவிழக்கச் செய்தல் கூடும். மருத்துவர்களும் அதைக் கேட்டுக் கோபியாமல், குறித்துக்கொள்ள வேண்டும்.

வைத்தியர்களே, உங்கள் கைகண்ட மருந்தைத் திரைக்குள் வைத்துக்கொள்ளாமல், ஒப்பீட்டுச் சோதனைக்கு முன்வந்து கொடுங்கள். உண்மை அதில் இருக்குமானால் சோதனையால் அது வளருமே தவிர, தேயாது.

ஆராய்ச்சி மாணவர்களே, பட்டத்துக்காக இன்னொரு புதிய இலையை எலிக்குக் கொடுப்பதைக் காட்டிலும், 1990-இல் தரமணியில் விட்ட இடத்திலிருந்து சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மண்ணில் வளர்ந்து, ஒரே ரேகை காட்டும் சாறு, சீட்டால் பிரித்த தொகுதிகள், வெற்றுப்பொருளோடு ஒப்பீடு, முன்கூட்டியே பொதுப்பதிவேட்டில் பதிந்த திட்டம், பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவை வெளியிடும் உறுதி. இவற்றுள் சீட்டால் தொகுதி பிரிப்பதும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இராயபுரத்துக்குப் புதியவை அல்ல. 531 பேரைக் கொண்டு இந்த ஊர் செய்துகாட்டியவையே. சிறுகுறிஞ்சான் பயன் தரும் என்று அச்சோதனை சொன்னால், ஏழை எளியவர்களுக்கு மலிவான மருந்தொன்று கிடைக்கும். தராது என்று சொன்னால், அவர்கள் கூலியிலிருந்து பொட்டலத்துக்குச் செலவாகும் பணம் மிஞ்சும். எந்த விடை வந்தாலும் மக்களுக்கு லாபமே. அந்த விடையைத் தேடித் தரும் பொறுப்பை இளைஞர்களாகிய நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.